சிவப்பு விளக்கில் இறங்கினேன்

தைலமும் வியர்வையும் ரப்பர் விரிப்பின் வெக்கையும் கலந்த ஒரு வாடை, மாசாய் ஊரில் நாங்கள் "டேவான்" என்று சொன்ன அந்த மண்டபத்தின் கதவைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கும். பதின்மூன்று வயதில் நான் அங்கே பூப்பந்து ஆடினேன். தோற்றால், எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து, நடுவில் என்னை நிறுத்தி, முதலில் "கோச்" பேசுவார். பிறகு தம்போயில் இருந்த எங்கள் வீடு வரும்வரை காரில் அப்பா பேசுவார். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லி அம்மா சோறு போடுவார். அணைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்ற அன்று, "சோம்பேறிக்கு எதுக்கு ராக்கெட்டு?" என்று கோச் கேட்டதையே அப்பாவும் காரில் திரும்பக் கேட்டார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் கதவைத் திறந்து இறங்கி, சாலையோரமாக நடக்கத் தொடங்கினேன். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹார்ன் அடிக்க, அப்பா காரை மெதுவாக ஓட்டிவந்தார்.

"ரீத்தா, ஏறு லா. எல்லாரும் பாக்குறாங்க."

"டேவான்லயும் எல்லாரும்தான் பார்த்தாங்கப்பா. நீங்க பேசாம வர்றதா இருந்தா ஏறுறேன்."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"தோத்தது எனக்கே தெரியும்."

சற்றுத் தூரம் ஊர்ந்தபின், "சரி, பேசல" என்றார். ஏறினேன். அவர் பேசவும் இல்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான், "பசிக்குதா?" என்று கேட்டார்.

அடுத்த பயிற்சியில் வட்டத்தின் நடுவே போய் நிற்க மறுத்தேன். "என்ன செய்யணும்னு சொல்லுங்க கோச், செய்யுறேன். நான் எப்படிப்பட்டவள்னு சொல்லாதீங்க." "வெளிய போய் நில்லு" என்றார். நின்றேன், மன்னிப்புக் கேட்கவில்லை. அழைத்துப்போக வந்த அப்பா, நடந்ததைக் கேட்டதும் மன்னிப்புக் கேட்கச் சொல்வார் என்று பயந்தேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "கோச், இனிமே அவள தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. நானும் இப்பதான் அப்படிப் பழகுறேன்" என்றார்.

கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "வலது கால இன்னும் முன்னால வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். பந்து வலையைத் தாண்டியது.

இன்று அந்த டேவான் இல்லை. அந்த இடத்தில் கார்கள் கழுவுகிறார்கள். அப்பாவும் இல்லை. நான் மாநிலத்துக்காக ஆடவில்லை, கோப்பை எதுவும் வாங்கவில்லை. "வாயடக்கி இருந்திருந்தா பெரிய ஆளா வந்திருப்பா" என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அங்கே என்னோடு ஆடிய பிள்ளைகளில் இன்றும் மட்டை பிடிப்பவள் நான் ஒருத்திதான்.