நாலாம் நாள் அடித்த மணி

"உனக்கு எதுக்குடி இந்த ஆராய்ச்சியெல்லாம்? லீவுக்கு வந்தமா, தின்னமா, தூங்குனமான்னு இல்லாம!"

பேத்தியிடம் இப்படித்தான் கத்தினேன். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட இருந்த ஒரு பெண்ணை ஒரே ஒரு மெயிலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மற்றவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நியாயம் கேட்கப் போகிறார்களாம். இவள் போடலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாகப் போனைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தாள்.

"அம்மிச்சி, இந்தக் காலத்துக்குச் சங்கமெல்லாம் வேணுமா? நீங்க எஸ்டேட்ல பாத்திருப்பீங்கல்ல?"

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவளிடம் கேட்கிற கேள்வியா இது? பார்த்தேன்தான். அதுதான் வெட்கக்கேடு. கேட்டுத் தொலை.

அப்போது எனக்கு ஆறு வயது. ஆயாவிடம் மட்டும் ஐந்து என்று சொல்லி வைத்திருந்தேன். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஒரு கொட்டகையில் வைத்து ஆயா பார்த்துக்கொள்வார். ஐந்து வயது வரைக்கும்தான் அங்கே பாலும் பன்னும் கிடைக்கும். ஆறு ஆக நான் என்ன பைத்தியமா?

மலையில் கட்டபெட்டுக்குக் கீழே இருந்தது எங்கள் தேயிலை எஸ்டேட். வேலையாட்களுக்கு எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான். காலை மணி அடிப்பது அப்பாவின் வேலை. ஆபீசுக்கு முன்னால் சில்வர் ஓக் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அவர் இரும்புக் கம்பியால் அதை அடித்தால் மலை முழுக்க எழுந்துகொள்ளும். பெண்கள் கூடையோடு வந்து வரிசையில் நிற்க, மேஸ்திரி பெயர் கூப்பிடுவார்.

அந்த மழைக்காலத்தில் வழுக்குகிற சரிவில் ஏறி இலை பறிக்கச் சொன்னார்கள். ஒருத்தி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். மறுநாளும் அதே சரிவு. சித்தி கூடையை இறக்கி வைத்தாள். எதிரே எஸ்டேட் மேனேஜர் துரையே நின்றிருந்தார்.

"நீங்க ஒருக்கா ஏறிக் காட்டுங்க தொரை. பாத்துப் படிச்சுக்கறோம்" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேச்சைப் பொறுத்துக்கொண்டிருப்பார், சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே சித்தியின் பெயரை வெட்டிவிட்டார். வேலை போனால் லைனிலும் இருக்க முடியாது.

குன்னூரிலிருந்து சங்கத்துக்காரர் வந்தார். லைன் வாசலில் நின்று சொன்னார்: "அந்தப் புள்ளயத் திருப்பி எடுக்கற வரைக்கும் ஒருத்தரும் கூடையத் தொடப்படாதுங்க. ராசியானா மணி அடிப்போம். மணி கேக்காம எறங்காதீங்க."

மூன்று நாள் லைன் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மத்தியானத்தில் பெண்கள் பேன் பார்த்தார்கள். அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக விடிந்த பிறகும் தூங்கினார். எனக்கு மட்டும்தான் துக்கம். ஆயா கொட்டகை பூட்டிக் கிடந்தது. வீட்டில் மூன்று வேளையும் களி.

மூன்றாம் நாள் சாயங்காலம் சங்கத்துக்காரர் மறுபடி வந்தார். "தொரை எறங்கி வந்துட்டாருங்க. நாளைக்கு மத்தியானம் பேசக் கூப்புட்டிருக்காரு. இன்னும் ஒரு பொழுது பல்லக் கடிச்சுக்கங்க."

பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். எனக்குக் கடிக்கப் பன் வேண்டியிருந்தது.

மணி அடித்தால் எல்லோரும் வேலைக்குப் போவார்கள், ஆயா கதவைத் திறப்பார், பால் வரும். என் அறிவுக்கு எட்டிய சங்கதி அவ்வளவுதான். நாலாம் நாள் காலை, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத பனியில், கதவுக்குப் பின்னாலிருந்த கம்பியை இழுத்துக்கொண்டு போனேன். அப்பா அடிப்பதைத் தினமும் பார்த்தவள்தானே. அவரைப் போலவே முதலில் நிறுத்தி நிறுத்தி, பிறகு கடகடவென்று அடித்தேன். கம்பியைப் போட்டுவிட்டு ஓடி ஒளிந்துகொண்டேன்.

"செயிச்சுட்டமடி!" என்று யாரோ கூவினார்கள். கதவுகள் படபடவென்று திறந்தன. சங்கத்துக்காரரே வந்து அடித்துவிட்டார் என்று நினைத்து அப்பாவும் வேட்டியை இறுக்கிக்கொண்டு இறங்கினார். சித்தியைக் கட்டிப் பிடித்தார்கள். அவள் அவசரமாகத் தலை வாரி, ஒரு செவ்வந்தியைச் செருகிக்கொண்டு, கூடையோடு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

மேஸ்திரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மளமளவென்று பெயர் கூப்பிட்டார். எல்லோரும் "இருக்கேனுங்க" என்றார்கள். நோட்டை மூடினார்.

"எம்பேரு மேஸ்திரி?" என்றாள் சித்தி.

"எந்தப் பேரு?"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சிலர் கூடையை இறக்கப் போனார்கள். "நோட்டுல பேரு விழுந்தாச்சு. திரும்பிப் போறவ இவகூடவே போயிக்கலாம்" என்றார் மேஸ்திரி. ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தாள். அவள் இறக்கினால் நானும் இறக்குகிறேன் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. யாரும் இறக்கவில்லை. வரிசை மெதுவாக மேலே நகர்ந்தது. சித்தி மட்டும் பூவோடு நின்றாள்.

நான் ஆயா கொட்டகை வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்தேன். இரண்டாவது டம்ளர் பாலைக் குடித்துக்கொண்டே.

மத்தியானம் வந்த சங்கத்துக்காரரிடம், "எல்லாரும் வேலையிலதான் இருக்காங்களே, என்ன பேசறது?" என்று சொல்லித் துரை அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் லைனே எங்கள் வாசலுக்கு வந்தது. மரத்தடியில் கிடந்த கம்பி அப்பாவுடையது. "ஏனுங், தொரை என்ன தர்றேன்னு சொன்னாருங்க?" என்று கேட்டார்கள். அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். அந்தக் கைக்குக் கீழே நின்றுகொண்டு, "காட்டெருமை வந்து ஒரசுச்சுங்க" என்றேன். "காட்டெருமைக்கும் சங்கத்துல சீட்டுப் போட்டாச்சா கண்ணு?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

சோறு போடும்போது சித்தி என் உள்ளங்கையைப் பார்த்தாள். துரு அப்பியிருந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

அடுத்த வாரம் கோயமுத்தூர் மில்லுக்குக் கிளம்பினாள். பஸ் ஏறுமுன் கட்டபெட்டுக் கடையில் ஒரு பன் வாங்கி என் கையில் கொடுத்தாள். "பசிச்சா வாய விட்டுக் கேளு சாமி" என்றாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு லைனில் யாரும் அப்பாவோடு பேசவில்லை. அவர் வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னேன். சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள். அந்தக் காலையில் கூடையை இறக்காத ஒவ்வொருத்திக்கும் அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. சித்திக்காக மறுபடி நிற்கலாம் என்று சங்கத்தில் பேசிக்கொண்டிருந்ததும் தெரியாது. என்னால்தான் அந்தப் பேச்சு நின்றது என்பது, பெரியவளாகி நானே கூடை தூக்கியபோதுதான் தெரிந்தது. சித்தி திரும்பி வரவே இல்லை.

கையெழுத்துப் போடு, போடாதே என்று என்னைக் கேட்காதே. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது.

தண்ணீர்க் குழாயடியில், குடத்தோடு நின்ற அத்தனை பேரிடமும் நான் சொன்னது இதுதான்: "எங்கப்பா இல்லீங்க. மணிய அடிச்சது எங்க சித்திங்க. நானே பாத்தேன்."