தையல் விழுந்த ஏடு

ஒட்டிலியாவின் அப்பா ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டி, எழுதும் தோலாக்கி விற்றவர். ஒருமுறை கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. கிழிசலைத் தைத்து, மைன் ஆற்றங்கரைக் கன்னியர் மடத்தில் கொடுத்தார். அது ஒரு லத்தீன் ஜெபப்புத்தகத்தின் நாள்காட்டி ஏடானது.

பன்னிரண்டு வயதில் ஒட்டிலியா அதே மடத்தில் துணி வெளுக்கச் சேர்ந்தாள். கூடவே தங்கை குனிகுண்டா. ஒட்டிலியாவுக்கு ஐம்பது வயதானபோது, கொள்ளைநோய் வந்த வருஷம், நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள் தங்கை செத்துப்போனாள். அந்த நாளுக்கு நேரே, தையலுக்கு ஒரு விரல் கீழே, அப்பொல்லோனியா என்ற இளம் கன்னியாஸ்திரீ அவள் பெயரை எழுதினார். வருஷந்தோறும் அன்று காலையில் வாசிக்கவும் செய்தார். வாசிக்க வாசிக்க, செத்தபின் பாவம் தீரத் தங்கை கிடக்கும் நெருப்பு தணியும் என்று ஒட்டிலியா நம்பினாள். எழுத்து தெரியாத அவளுடைய விரலைப் பிடித்து அப்பொல்லோனியா ஒரே ஒருமுறை பெயர்மேல் வைத்தார். சொரசொரவென்றிருந்தது.

புது மதம் வந்தது; செத்தவர்களுக்காக ஜெபிப்பது குற்றமானது. நகரசபை மடத்தை மூடியது. புத்தகம் எடைக்குப் போய், ஃபைட் என்ற பைண்டரிடம் பழைய தோலாக வந்து சேர்ந்தது. தேடிக்கொண்டு போனபோது ஒட்டிலியாவுக்கு அறுபது தாண்டியிருந்தது.

"எழுத்து தெரியுமா கிழவி?"

"தெரியாதுங்க. தையல் தெரியும். எங்கப்பன் போட்டது."

"உங்கப்பன் தைச்ச லட்சணத்துக்கு இது அட்டைக்குத்தான் ஆகும். வேணும்னா எடுத்துட்டுப் போயேன்."

"நான் இருக்கறது சத்திரத்துல. பழைய ஜெபத்தாளு கண்ணுல பட்டா அடுப்புல போட்டுடுவாங்க. அட்டையானா யாரும் தொட மாட்டாங்க."

அந்த ஏட்டை அவள் கேட்கும்படி அட்டையாகப் போட, ஒரு வாரம் பசைச்சட்டி தேய்த்துத் தருவதாகப் பேச்சு. ஃபைட் கத்தியைத் துடைத்தான்.

"ஒரு பக்கம் பலகையில ஒட்டிப்போகும், ஒண்ணுதான் வெளிய தெரியும். எந்தப் பக்கம் வேணும்?"

"நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன்."

"அச்சடிச்சதுன்னா படிப்பேன். இந்த லத்தீன் கிறுக்கலை அந்தக் கன்னியாஸ்திரீங்கதான் படிக்கணும்."

துணி வெளுக்கும் காரத்தண்ணீரில் வெந்த விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. அப்பாவைப் போல ஏட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் மயிர் இருந்த பக்கம், சொரசொரப்பு.

"இதுதாங்க," என்றாள், சந்தேகமே இல்லாமல்.

அது பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகம் ஒன்றின் அட்டையானது. பள்ளியைப் பெருக்கும் வேலையை ஒட்டிலியா கேட்டு வாங்கிக்கொண்டாள். மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள், மடம் மூடியபின் ரொட்டிக்காரனைக் கட்டிக்கொண்டிருந்த அப்பொல்லோனியாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள்.

"வாசிங்கம்மா. யாரும் இல்ல."

அப்பொல்லோனியா அட்டையை ஜன்னலருகே சாய்த்துப் பார்த்தார்.

"இது அக்டோபர், ஒட்டிலி. நவம்பர் பின்பக்கம்."

"சொரசொரன்னு இருந்துச்சேம்மா."

"வேற ஒருத்தி பேரை அந்த இடத்துல எழுதிட்டேன். அதைச் சுரண்டிட்டு அதுமேல உன் தங்கச்சி பேரை எழுதினேன். அந்தச் சொரசொரப்புதான். மத்தபடி அந்தப் பக்கத்துத் தோல் வழவழன்னுதான் இருந்துச்சு."

"எழுத்து இல்லாட்டியும் அவ பேரைச் சொல்லலாமேம்மா?"

அப்பொல்லோனியா வாசலைப் பார்த்தார். "எனக்குப் பிள்ளைங்க இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒட்டிலியா ஃபைட்டிடம் ஓடினாள். உரித்தால் வருமா என்று கேட்டாள்.

"தோல் வரும். எழுத்து பலகையோட நின்னுடும்."

அதன்பிறகும் ஆறு வருஷம் அந்தப் பள்ளியைப் பெருக்கினாள். ஈரம் பட்டு ஒட்டு விட்டுவிடுமோ என்று அந்தப் புத்தகத்தை மட்டும் அவள் துடைத்ததில்லை.