விரிந்து பிடிக்கும் கொளுக்கி

விலை கேட்கும்போது இளையதம்பியர் ஒரு காதைப் பொத்திக்கொள்வார். அப்படிக் கேட்டால் பாதி விலைதான் உள்ளே போகுமாம். கொக்குவிலில் சுருட்டுக் கொட்டில் வைத்திருக்கும் மனிதர். தன் சுருட்டு விலையில் ஒரு சதம் குறைக்கமாட்டார். அடுத்தவன் சரக்கென்றால் மட்டும் "எல்லாம் ஒண்டுதானே தம்பி" என்று மலிவானதைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். அவர் வாங்கிய யப்பான் குடை மழைக்கு விரியாது. யப்பான் பூட்டைத் திறக்கச் சாவி வேண்டியதில்லை, பக்கத்தில் நின்று செருமினால் போதும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரேயொரு முறை கை தாராளமாயிற்று. ஓட்டுக்கூரையைக் கழற்றிவிட்டு முன்னறைக்குக் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டார். அயலட்டையெல்லாம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிற்று. நெடுநாள் காத்திருந்து மனைவி குணலட்சுமி ஒரு பெண்குழந்தையைப் பெற்ற பிறகுதான் அவரும் அண்ணாந்து பார்த்தார். கூரை மரமென்று ஒரு வளையில்லை, தீராந்தியில்லை. சேலையைப் போட்டுப் பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்ட மேலே ஓரிடமும் இல்லை.

பெரியகடைப் பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கும் செபநாயகம் ஏணை தொங்கவிட இரண்டு கொளுக்கிகளை எடுத்து வைத்தான். மேசன் தட்டில் துளைக்கும் ஓட்டைக்குள் செருகித் திருகினால், அடிப்பக்கம் விரிந்து கொங்கிறீற்றைக் கவ்விக்கொள்ளுமாம்.

"உது யப்பான், அண்ணை. படம் கொளுவலாம். இது சீமை. பிள்ளைக்கெண்டால் இதைக் கொண்டுபோங்கோ."

இளையதம்பியர் காதைப் பொத்தினார். "எல்லாம் ஒண்டுதானே தம்பி?"

யப்பான் வீட்டுக்கு வந்து, மேலே ஏறி, ஏணையும் கட்டியாயிற்று. குணலட்சுமி பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை.

"முதல்லை நீங்கள் படுத்துக் காட்டுங்கோ."

"எனக்கென்ன பயமோ?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணைக்குள் ஏறி, முழங்காலைக் குறுக்கிப் படுத்தார். அவள் ஓர் ஆட்டு ஆட்டினாள்.

"பாத்தியோ, எல்லாம் ஒண்..."

முதலில் இளையதம்பியர் தரைக்கு வந்தார். அடுத்துக் கொளுக்கி அவர் மொட்டந்தலைக்கு வந்தது. சீமெந்துத் தூள் ஆறுதலாகப் பின்னால் இறங்கியது. குணலட்சுமி சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். இடுப்பு நோ அவருக்குப் பெரிதில்லை. அந்தச் சேலைக்குள் பிள்ளை கிடந்திருந்தால்?

நொண்டி நொண்டித் திரும்பவும் பெரியகடைக்குப் போனார். செபநாயகம் சீமைக் கொளுக்கியின் விலையைச் சொன்னபோது காதைப் பொத்தக் கை வரவில்லை. இரண்டு கையும் இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தன.

மேசன் வந்து வேறோர் ஓட்டை துளைத்துத் திருகிவிட்டுப் போனான். இளையதம்பியர் ஏறிப் படுத்தார். ஆட்டச் சொன்னார். இன்னும் பலமாக ஆட்டச் சொன்னார். கொளுக்கி இம்மியும் அசையவில்லை.

"காணும், இறங்குங்கோ. பிள்ளைக்கு நித்திரை வருது."

பிள்ளையை ஏணையில் கிடத்தியதும் அது கண்ணயர்ந்துவிட்டது.

"இனிப் பயமில்லைத்தானே?" என்றாள் குணலட்சுமி.

"என்ன பயம்? சீமைச் சாமானெல்லோ!"

சொல்லிவிட்டு இளையதம்பியர் ஏணைக்கு நேர்கீழே வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, மூச்சை இழுத்து, வயிற்றை நன்றாக உப்பவைத்துக்கொண்டார்.