ஒரு ரிங் என்றால் நலம்

ஒரே ஒரு ரிங். அப்புறம் மௌனம்.

கடந்த செவ்வாய்க்கிழமை பதுளை பஸ் நிலையத்தில், மடுல்சீமை பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டுக்காரரின் சட்டைப் பையில் போன் ஒரு தடவை ஒலித்து அடங்கியது. அவர் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "மகன் போயி சேந்துட்டான்" என்றார். எந்த மகன், எங்கே போய்ச் சேர்ந்தான் என்று அவரும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கை மட்டும் என் பைக்குள் போய்விட்டது. அடித்தது என் போன் இல்லை என்று தெரிந்தும்…

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடுல்சீமையில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. பெயர் சிக்னல் கல்லு. டவர் வராத காலத்தில் அதன் மேல் ஏறி நின்றால்தான் போன் உயிர்பெறும். வேலை முடிந்த பெண்கள் பொழுது சாயும்போது அங்கே போய் நிற்பார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகள், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் தங்கச்சிகள், எல்லோரும் அந்தக் கல்லில்தான் வந்து இறங்கினார்கள் — மிஸ்ட் கோலாக. ஒரு ரிங் அடித்துக் கட் பண்ணினால், நல்லா இருக்கேன். இரண்டு ரிங் என்றால், பேசணும், நீ கூப்பிடு. யார் போட்ட சட்டம்? யாருக்கும் தெரியாது. இப்போது டவர் வந்துவிட்டது. பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தை நான் ஒருத்திக்குத் தொற்றவைத்தேன். என் மனைவி ரெஜினாவுக்கு.

ரெஜினா யாழ்ப்பாணத்துப் பெண். பௌதிகவியல் டீச்சராகப் பதுளைக்கு மாற்றலாகி வந்தவள். திரும்பிப் போக வேண்டிய காலம் வந்தபோது போகாமல் என்னைக் கட்டிக்கொண்டவள். கேஸுக்கும் பெற்றோலுக்கும் நாம் எல்லோரும் கியூவில் நின்றோமே, அந்த நாட்களுக்குப் பிறகு சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போனாள். வரைபடத்தில் விரல் வைத்தால் விரலுக்கடியில் காணாமல் போகும் ஒரு தீவு. நான் இங்கே மலைக்குள். அவள் அங்கே தண்ணீருக்குள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் முகம் பார்ப்போம். படம் பாதியில் உறைந்துவிடும். அவள் வாய் திறந்தபடி நிற்பாள், நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற நாட்களில் அந்தி மங்கும் நேரம் அவளிடமிருந்து எனக்கு ஒரு ரிங். என்னிடமிருந்து அவளுக்கு ஒரு ரிங்.

நலம். நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹாலிஎலவிலிருந்து இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: 'குவாண்டம் கணினி, டெலிபோர்ட்டேஷன் என்று எங்கே பார்த்தாலும் பேசுகிறார்களே, அதைப் பற்றி எழுதுங்களேன்.' கவிதைக் கிறுக்கனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேள்வி வந்த நேரம் பாருங்கள். ரெஜினா லீவில் வந்திருந்தாள். அவளை அழைத்துக்கொண்டு மடுல்சீமைக்கு, என் அக்கா ஸ்டெல்லாவைப் பார்க்கப் போயிருந்தேன்.

அக்கா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். ரெஜினா அவளை யாழ்ப்பாண வழக்கில் "மச்சாள்" என்று கூப்பிடுவதைக் கேட்டு இத்தனை வருடமாகியும் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கும் சிரித்து முடித்துவிட்டு, ரொட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டாள், டீவியில் காட்டுகிறார்களே, பெட்டிக்குள் நின்றால் இங்கே மறைந்து அங்கே முளைப்பது, அது வந்துவிட்டதா என்று. வந்திருந்தால் இந்தப் பிள்ளை ஏன் பிளேனில் அலைய வேண்டும் என்பது அவள் கவலை.

ரெஜினா அடுப்படியில் உட்கார்ந்து விளக்கினாள். நான் கேட்டதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் என் தலையில் போடுங்கள்.

ஒன்றாகப் பிறந்த இரண்டு துணிக்கைகள், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். ஒன்றை இங்கே வைத்துக்கொண்டு மற்றதை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இங்கே உள்ளதை அளந்தால் என்ன வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆனால் இங்கே வந்த விடையும் அங்கே வந்த விடையும் பொருந்தி நிற்கும். பிரியும்போதே பேசிவைத்துக்கொண்டது போலவா? அதுவும் இல்லையாம். பேசிவைத்துக்கொண்டு அப்படிப் பொருந்த முடியாது என்று பரிசோதித்தே பார்த்துவிட்டார்கள். இதுதான் குவாண்டம் பின்னல். இதில் ஒரு துக்கமும் இருக்கிறது: விடைகள் பொருந்துமே தவிர, அதை வைத்து ஒரு சொல்கூட அனுப்ப முடியாது.

டெலிபோர்ட்டேஷன் இந்தப் பின்னலின் மேல்தான் நடக்கிறது. ஆள் போகமாட்டார். ஒரு சின்னத் துணிக்கையின் நிலை மட்டும் போகும். அங்கே அது உருவாகும்போது இங்கே இருந்தது கலைந்திருக்கும். இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. அதுவும் போதாது. அளந்து கிடைத்த இரண்டு சிறு தகவல்களை, சாதாரண வழியில், ஒரு போன் மூலமாவது, அந்தப் பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அங்கே வந்திருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது. வந்தும் வராத மாதிரி.

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அம்புட்டுப் பெரிய மெசினைக் கட்டிட்டு, கடைசியில மிஸ்ட் கோல்தான் குடுக்கணும். நல்லாருக்கு ஒங்க படிப்பு."

ரெஜினா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். சாப்பிட்டபின் அவள் என்னைச் சிக்னல் கல்லுக்குக் கூட்டிப் போனாள். வழக்கமாக நான்தான் கூட்டிப் போவேன். பனிமூட்டம் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் உடுப்புகளில் இன்னமும் கடல் உப்பின் வாசம் இருந்தது, துவைத்தும் போகவில்லை. நான் அதைப் போகவிடாமல் பக்கத்தில் நின்றேன்.

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு நிக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலை கேக்கினம்" என்றாள். "போய் இறங்கின உடனை சைன் வைக்கோணும். வைக்கலாம் எண்டுதான் நினைச்சிருக்கிறன்."

ஏன் என்று கேட்டேன். கேட்டது எனக்கே கேட்டதோ என்னவோ.

"ஒவ்வொரு நாளும் ஒரு ரிங்தானே அடிச்சனீங்கள். மனுசன் நல்லாத்தான் இருக்கிறார் எண்டு நினைச்சன்."

"நீயும் ஒண்ணுதானே அடிச்ச?"

"நீங்கள் ரெண்டு அடிச்சா நானும் அடிப்பம் எண்டு இருந்தனான்."

இங்கே ஒன்று. அங்கே ஒன்று. ஒரு நாளும் பிசகாமல் விடைகள் பொருந்தின. செய்தி மட்டும் போகவே இல்லை.

கீழிருந்து அக்கா கத்தினாள், பஸ் வருகிறது என்று. நான் இறங்கினேன். பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாட்கள் போயின.

குவாண்டம் கணினி பற்றித்தானே கேட்டீர்கள், ஹாலிஎலக்காரரே? பெரிய பெரிய வாக்குறுதிகள் சொல்கிறார்கள். புது மருந்து கண்டுபிடிக்குமாம், இன்றைய கணினிகள் திணறும் சில கணக்குகளைப் போட்டுவிடுமாம், ரகசியப் பூட்டுகளையே திறக்குமாம். எப்போது? இன்னும் கொஞ்ச காலத்தில். தோட்டத்துக்குச் சொந்தக் காணி, சொந்த வீடு என்ற வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு அந்த 'இன்னும் கொஞ்ச காலம்' நன்றாகத் தெரியும் அல்லவா? ஆனால் அந்த விஞ்ஞானிகளைக் குறை சொல்லமாட்டேன். கஷ்டம் என்ன தெரியுமா? உள்ளே இருக்கும் நிலை அவ்வளவு மெல்லியது. கொஞ்சம் சூடு பட்டால், கொஞ்சம் அதிர்ந்தால், கலைந்துவிடும். அதனால் சில கணினிகளை மடுல்சீமையின் மார்கழிக் குளிரெல்லாம் வெயில் என்று சொல்லும் அளவுக்குக் குளிரவைத்து, யாரும் தொடாமல் காக்கிறார்கள்.

நாங்கள் இருவரும் அப்படித்தான் காத்தோம். பேசினால் அழுகை வரும், அழுதால் அவள் அங்கே நிற்கமாட்டாள், நான் இங்கே தூங்கமாட்டேன்… தொடாமல், அதிராமல், குளிரக் குளிர வைத்திருந்தோம். ஆனால் கடைசிவரை பார்க்காமலே வைத்திருக்கும் கணினி எந்த விடையையும் தராது. ஒரு கட்டத்தில் அளந்தே ஆகவேண்டும். அளந்தால் கலையும். கலைந்தால்தான் விடை.

அவள் புறப்பட்ட காலை, இதே பதுளை பஸ் நிலையம். கண்டக்டர் "கொழும்ப, கொழும்ப" என்று பாடிக்கொண்டிருந்தார். ரெஜினா ஜன்னலோரம். நான் கீழே நின்று, பாஸ்போர்ட் இருக்கிறதா, தண்ணீர் போத்தல் எடுத்தாயா, தலைவலி மாத்திரை எந்தப் பையில் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். அவள் கண் மட்டும் வேறு எதற்கோ காத்திருந்தது.

எஞ்சின் உறுமியது. ஜன்னல் கம்பி என் கைக்குள் நடுங்கியது.

"ரெஜி, நான் நல்லா இல்ல" என்றேன். "நீ இல்லாம ஒரு நாள்கூட நல்லா இல்ல. சைன் வைக்காத. இப்ப உள்ளத முடிச்சிட்டு வந்துரு."

பக்கத்து சீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெஜினா கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள், பரீட்சைத் தாளில் கடைசி நிமிடத்தில் சரியான விடையை எழுதிய மாணவனைப் பார்ப்பதுபோல. இதை அந்தக் கல்லிலேயே சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தாள்.

பஸ் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன். அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"சைன் வைக்க மாட்டன். பின்னேரம் அடிப்பன்… இனி நான் கட் பண்ண மாட்டன், நீங்கள் ஆன்சர் பண்ணினால் போதும்."