அஸ்வினி தண்ணீருக்கு இறங்கிய வழி

உசிலம்பட்டி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது பெருங்கரை. ஊருக்கு அந்தப் பேரைக் கொடுத்ததே அதன் கண்மாய்தான். நல்ல மழை பெய்த வருடங்களில், மறுகரையில் நிற்கிற ஆள் யாரென்று தெரியாத அளவுக்குத் தண்ணீர் பரந்து கிடக்கும். பக்கத்துப் பல்கலைக்கழகம் துடுப்புப் படகுப் பயிற்சிக்காகக் கண்மாயைக் கேட்டபோது ஊர்க்கூட்டம் கூடியது.

"தண்ணி எங்க தண்ணி. உங்க பிள்ளைக ஓட்டுற படகை எங்க சனமும் ஓட்டணும்" என்றார்கள் ஊர்க்காரர்கள். பல்கலைக்கழகமும் சரியென்றது. இரண்டு தரப்புக்கும் பொதுவாகக் கரையில் ஒரு படகுக்கூடம் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள்.

அஸ்வினிக்கு அது யாருக்கோ கட்டுகிற ஏதோ கட்டடம். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வீட்டுக்குள் கையூன்றி நகர்வாள். வெளியே போக மூன்று சக்கர ஸ்கூட்டர். மோட்டார் பொருத்திய தையல் மெஷினில் பைக் சீட், டிராக்டர் சீட் உறைகள் தைப்பதில் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு நல்ல பேர். அம்மா சின்னத்தாய் கட்டட வேலைக்குப் போகிறவள். இந்த முறை படகுக்கூட வேலை உள்ளூரிலேயே கிடைத்ததில், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட முடிந்தது.

ஒருநாள் பல்கலைக்கழகப் படகுப் பயிற்சியாளர் ஸ்வப்னா வீடு தேடி வந்தாள். மதுரையில் நெசவு செய்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். துணியைத் தொட்டதுமே அதன் தரம் சொல்லிவிடுவாள். படகுகளுக்கு உறை வேண்டும் என்றாள்.

அளவெடுக்க அஸ்வினி கரைக்குப் போனாள். தற்காலிகப் பந்தலுக்குக் கீழே படகுகள் கிடந்தன. இவ்வளவு ஒல்லியாக, இவ்வளவு நீளமாக ஒரு படகை அவள் பார்த்ததில்லை. உள்ளே இருந்த இருக்கையைத் தொட்டதும் அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இது எதுக்கு மேடம் ஓடுது?"

"காலால உந்தித் தள்ளுவோம். அப்பதான் இழுப்புக்கு வேகம் வரும்."

"அப்ப நமக்கு ஆகாது" என்று சிரித்தாள் அஸ்வினி.

"நகராத சீட்டும் இருக்கே. அதுக்குக் கையும் தோளும் போதும். உங்க தோள்ல இருக்குற பலம் என்கிட்ட பழகுற பிள்ளைங்க பல பேருக்கு இல்ல."

அஸ்வினி டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆனால் அந்த வாரம் முழுக்க, உறை தைக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

தைத்த உறைகளை எடுத்துப் போனபோது கட்டடம் எழும்பியிருந்தது. கண்மாய் நிறைந்தாலும் தண்ணீர் ஏறாதபடி தரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். மேலே போக, அந்தப் பக்கம் படகுத்துறைக்கு இறங்க, எல்லாவற்றுக்கும் படிகள்தான். அஸ்வினியின் ஸ்கூட்டர் முதல் படியடியில் நின்றது. சாந்துச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள் சின்னத்தாய்.

"வாத்தா, நான் தூக்கிக்கிறேன்."

கொத்தனார் முத்துப்பாண்டியும் மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வேணாம்மா. எல்லாரும் பாக்குறாக" என்றாள் அஸ்வினி, பல்லைக் கடித்துக்கொண்டு. உறைகளை அங்கேயே இறக்கிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள்.  அன்று சாயங்காலம் சின்னத்தாய் மகளின் தட்டில் இரண்டாவது முறை கேட்காமலே குழம்பு ஊற்றினாள்.

ஸ்கூட்டர் திரும்பியதைக் கட்டடத்தின் மேலிருந்து ஸ்வப்னா பார்த்திருந்தாள். நகராத சீட்டைப் பற்றிச் சொன்னவள், அந்தச் சீட்டுவரை அஸ்வினி எப்படி வருவாள் என்று யோசித்திருக்கவில்லை. பொறியாளரிடம் போய் உட்கார்ந்தாள். வரைபடம் மாறியது. கூடத்தின் வடக்குப் பக்கமாக ஏறி, உள்ளே புகுந்து, மறுபக்கம் படகுத்துறைவரை இறங்கும் ஒரு சாய்தளம் அதில் சேர்ந்தது. அந்த வேலைக்குச் சித்தாளாக யாரைப் போடுவது என்று முத்துப்பாண்டி யோசிக்குமுன்பே சின்னத்தாய் ஜல்லி அள்ள ஆரம்பித்திருந்தாள்.

"வழுக்காம சொரசொரப்பா முடிங்க கொத்தனாரே" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் மூச்சுவிடவில்லை.

திறப்பு விழா கழிந்த சில நாளில், "ஒரு உறை சரியா உக்காரலையாம். ஒன்னய வரச் சொன்னாக" என்றாள் மகளிடம்.

"நான் அளந்தது தப்பாது" என்று முறைத்துக்கொண்டே அம்மாவோடு கிளம்பினாள் அஸ்வினி. கூடத்தின் வடக்குப் பக்கம் வந்ததும் ஸ்கூட்டரை நிறுத்தினாள். சாய்தளத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஸ்கூட்டரை முறுக்கினாள். மேலே ஏறி, வரிசையாகப் படுத்திருந்த படகுகளுக்கு நடுவே போய், மறுபக்கம் இறங்கித் தண்ணீரோரம் நின்றாள். முகத்தில் காற்று அடித்தது. நகராத சீட்டு பூட்டிய படகோடு அங்கே ஸ்வப்னா காத்திருந்தாள்.

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, அஸ்வினி கையூன்றிப் படகுக்குள் இறங்கினாள். ஸ்வப்னா பக்கத்தில் வேறொரு படகில் வந்தாள். அதுவரை தைரியமாக இருந்த சின்னத்தாய்க்குத்தான் அப்போது பயம் பிடித்துக்கொண்டது. சேலையை இழுத்துச் செருகித் தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா."

"அம்புட்டு ஆழம் கிடக்கு அங்கிட்டு."

"விட்டாத்தானே போக முடியும்? வந்துருவேன்."

சின்னத்தாய் ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

வலது கைக்குப் பலம் அதிகம் என்பதால் படகு முதலில் வட்டமடித்தது. ஒரு துடுப்பு தண்ணீரில் மாட்டி, படகு ஒருபக்கம் சாய, கரையில் சின்னத்தாய் போட்ட சத்தத்தில் கொக்குகள் கிளம்பின. பிறகு மெல்ல நேரானது.

அன்றிலிருந்து மெஷினில் உட்காருவதற்கு முன் காலையில் கண்மாய் என்றாகிவிட்டது. ஊர்ப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். சென்னையில் நடந்த மாற்றுத்திறனாளிகள் படகுப் போட்டிக்குப் போய் அஸ்வினி கடைசியாக வந்தாள். "மூச்சை எப்ப விடணும்னே தெரியல. அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்" என்றாள் திரும்பி வந்து.

கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்த ஒரு சாயங்காலம் அவள் நடுத்தண்ணீர்வரை போய், துடுப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். தூக்குவாளியோடு படகுத்துறையில் காத்திருந்த சின்னத்தாய், அவள் வந்து சேர்ந்ததும் கேட்டாள்.

"என்னத்தா, அங்கன அப்பிடியே நின்னுட்ட? பயமாயிருச்சா?"

"இல்லம்மா. நடுவுல ஒரு சத்தமும் இல்ல. நல்லாருந்துச்சு. அப்பறம் பசிச்சிருச்சு."

சின்னத்தாய் சிரித்தபடி தூக்குவாளியைத் திறந்தாள்.