பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால்

சீட்டைப் பிரித்த பானு போட்ட கூச்சலில், கும்மிடிப்பூண்டி தொழிலாளர் படிப்பகத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கையைச் சுட்டுக்கொண்டார்.

“கடல்! எனக்குக் கடல் வந்துக்குது!”

சீட்டில் கடல் என்று எழுதியிருக்கவில்லை. தென்கிழக்கு ஆசியா என்றுதான் இருந்தது. ஆனால் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் அந்தப் பக்கம் நிலத்தைவிட நீலம் அதிகம். பானுவுக்கு அது போதும்.

அவள் பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு மீனவர் குப்பத்துப் பெண். அங்கே ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எந்தத் தண்ணீர், யாருக்கு, என்றைக்கு என்பதெல்லாம் சீட்டில் விழுந்தபடிதான். எதிர்த்துப் பேச்சே கிடையாது. நல்ல தண்ணீர் விழுந்த வீட்டில் அன்றைக்குச் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். சேற்று மேடு விழுந்த வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். சீட்டு என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் அதிர்ஷ்டம் என்று வளர்ந்தவளுக்கு, படம் முழுக்க நீலமாக ஒரு சீட்டு விழுந்தால் கூச்சல் வராமல் என்ன செய்யும்?

பக்கத்தில் நின்ற ரோஜா தன் சீட்டைக் காட்டி முகம் சுளித்தாள். “எனக்கு மத்திய ஆசியாடி. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், இன்னும் மூணு ஸ்தான். ஒரு சொட்டுக் கடல் இல்ல.”

“அச்சச்சோ,” என்றாள் பானு, உண்மையான இரக்கத்தோடு.

அன்றைய போட்டியின் கதை இதுதான். உலகத்தில் சில பகுதி நாடுகள் ஒன்றுகூடி, எங்கள் மண்ணில் அணுகுண்டு செய்ய மாட்டோம், வாங்க மாட்டோம், யாரையும் கொண்டுவந்து வைக்க விடமாட்டோம் என்று உடன்படிக்கை எழுதி வைத்திருக்கின்றன. முதலில் தென்னமெரிக்கப் பக்கம், பிறகு பசிபிக் தீவுகள், தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா. இவர்கள் எழுதினால் மட்டும் போதாது. குண்டு வைத்திருக்கும் ஐந்து பெரிய நாடுகளும், இந்தப் பகுதியின் மேல் குண்டு போட மாட்டோம், போடுவோம் என்று மிரட்டவும் மாட்டோம் என்று தனியாக ஓர் இணைப்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை வாங்குவதுதான் பெரும்பாடு. ஹிரோஷிமா தினத்தை ஒட்டி, படிப்பகத்தில் சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து அதையே நடத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. ஐந்து வல்லரசுகளாக ஐந்து பேர். சீட்டில் விழும் பகுதிக்கு ஓர் அணியாக இரண்டு அணிகள்; வல்லரசுகளிடம் அதிகக் கையெழுத்து வாங்கும் அணித் தலைவர், பாங்காக்கில் நடக்கும் இளைஞர் கூட்டத்துக்குப் போகலாம். ஒரே ஓர் இடம்.

“நம்ம நாடு எங்க சார்? நம்மகிட்டயே குண்டு இருக்குதே!” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“அதனாலதான்யா இந்தியாவ யாருக்கும் குடுக்கல. குடுத்தா இன்னிக்கு ஊட்டுக்குப் போக முடியாது,” என்றார் செயலாளர் துளசிராமன். கழுத்தில் விசிலோடு, கபடி நடுவர் மாதிரி நின்றிருந்தார்.

அந்த ஓர் இடம் பானுவுக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், அவளிடம் பாஸ்போர்ட் தயாராக இருந்தது. கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் ஆலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ். தெற்கே சென்னை சென்ட்ரல், வடக்கே ஒரே ஒரு தடவை ஒரு கல்யாணத்துக்கு நெல்லூர் போனதோடு சரி. போன வருஷம் திடீரென்று போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாள். போலீஸ்காரர் விசாரிக்க வந்து, “எந்த நாட்டுக்கும்மா?” என்று கேட்டார். “எது கூப்ட்டாலும் சார்,” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அண்ணன் தீனா சிரிக்கவில்லை. “எவன் கூப்புடுவான் உன்ன?” என்றான்.

படிப்பகத்துக்கும் அவள் படிப்பதற்காக வரவில்லை. ஒருநாள் அடைமழையில் பஸ் வராமல் ஒதுங்கினாள். உள்ளே மங்கோலியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ரஷ்யா, மறுபக்கம் சீனா, நடுவில் மாட்டிக்கொண்ட அந்த நாடு, கூட்டுச் சேர யாரும் இல்லாததால் தான் ஒருத்தியாகவே நின்று, என் நாடு அணு ஆயுதம் இல்லாத பகுதி என்று அறிவித்ததாம். ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்புக்கொண்டதாம். பானுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு ரவுடிகள் வீட்டுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, என் வாசலில் கத்தி எடுக்கக் கூடாது என்று சொல்கிறவளை அவளுக்குப் பிடிக்காமல் போகுமா? மழை நின்ற பிறகும் அவள் கிளம்பவில்லை.

துளசிராமன் விசில் ஊதினார். ரோஜா வல்லரசுகள் எதிரில் போய் உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் எழுந்தாள். ஐந்து கையெழுத்து! ஸ்தான்களைச் சுற்றி நிலம். கப்பல் தொந்தரவு இல்லை. வல்லரசுகளுக்கு இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நிஜத்திலும் அப்படித்தான், ஐந்தும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன என்றார் நடுவர் ஜெபா. சென்னையில் சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பவர். “பானுவோடது கஷ்டமான இடம். அவங்களும் அஞ்சு வாங்கிட்டா பாங்காக் சீட் பானுவுக்குத்தான்,” என்றும் சொன்னார்.

கஷ்டமான இடமா? நல்ல தண்ணீர் அல்லவா? பானு சுவர்ப் படத்தைக் கழற்றி, உடன்படிக்கையின் எல்லையைக் கோடாக இழுத்து, வல்லரசுகள் முன்னால் விரித்தாள்.

சீனாவாக இருந்த குணாளன், டை கட்டி வந்திருந்தான். “நான் போட்டுடறேன், எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றான்.

“இருடா, நான் சொல்ற வரைக்கும் எவனும் போடாதீங்க,” என்றார் மோகன்ராஜ். அவர்தான் அமெரிக்கா. ஆலையிலும் அவர் பானுவுக்கு சூப்பர்வைசர். அதனால் அதிகாரம் செய்யத் தனியாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. “இந்தாம்மா, இது இன்னா கோடு? கரையிலேருந்து இவ்ளோ தூரம் போயிருக்குது?”

“இருநூறு கடல் மைல் சார். அவங்க மீன் புடிக்கிற எல்ல வரைக்கும். அதுவும் சேத்துதான் உடன்படிக்க.”

“அதான் பேஜாரு. நிலத்துல குண்டு வெக்காத, சரி. கடலு எல்லாருக்கும் பொது. எங்க கப்பலு அந்தப் பக்கம் போவும், வரும்.”

பானுவின் முகம் மலர்ந்தது. இதற்கு அவள் ஊரிலேயே வழி இருந்தது. “போங்க சார், யாரு வேணாம்னா? எங்க ஏரியில அடுத்தவன் பாட்டுத் தண்ணியத் தாண்டித்தான் போவணும். வலையத் தூக்கிக் காட்டிக்கினே போவான். வலை காஞ்சிருந்தா ராஜா மாதிரி போவலாம். நீங்களும் அப்டிப் போங்க. நிக்காதீங்க, எறக்காதீங்க, காட்டிக்கினு போங்க.”

கூட்டம் கைதட்டியது. ரஷ்யா கூடத் தட்டியது. மோகன்ராஜ் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“காட்ட மாட்டோம்.”

“இன்னாது?”

“எங்க கப்பல்ல குண்டு இருக்குதுன்னும் சொல்ல மாட்டோம், இல்லன்னும் சொல்ல மாட்டோம். அதாம்மா எங்க கொள்கை. படிச்சிட்டுத்தான் வந்துக்கறேன். நீர்மூழ்கிக் கப்பலு தண்ணிக்கு அடியில போவும். வலை காஞ்சிருக்கா நனைஞ்சிருக்கான்னு நீ எங்கேருந்து பாப்ப?”

பானு படத்தின் நீலத்தைக் குனிந்து பார்த்தாள். ஏரியில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பார்வையில்தான் பாடு நிற்கிறது. பார்க்க முடியாத ஆளோடு எப்படித் தண்ணீரைப் பிரித்துக்கொள்வது? தனக்கு விழுந்தது நல்ல தண்ணீர் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மோகன்ராஜ் குரலைத் தணித்தார். “ஒண்ணு செய். கோட்ட பன்னெண்டு கடல் மைலுக்குக் கொறச்சிடு. கரையோரத் தண்ணி மட்டும் உன்னுது. அஞ்சு பேரும் இப்பவே போட்டுடறோம். நீ ஏரோப்ளேன் ஏறு.”

பானுவின் அணியில் இந்தோனேசியாவும் வியட்நாமும் மலேசியாவும் எழுந்து நின்று கத்தின. “கொறச்சிடு பானு! பாங்காக்கு, பானு, பாங்காக்கு!” துளசிராமன் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். ரோஜா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பானு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். கரையை ஒட்டிப் புதுக் கோடு இழுக்க ஆரம்பித்தாள். விமானத்தில் ஜன்னல் சீட்டுக் கேட்டு வாங்க வேண்டும் என்று கூட நினைத்துவிட்டாள். கோடு பாதி போயிருக்கும். மோகன்ராஜ் டீ குடித்த காகிதக் கப்பைக் கவிழ்த்து, அவள் கோட்டுக்கு வெளியே விட்ட நீலத்தில் வைத்து, மெல்ல நகர்த்தினார். “இதான் நம்ம கப்பலு,” என்று ரஷ்யாவைப் பார்த்துக் கண்ணடித்தார். ரஷ்யா தன் கப்பையும் கவிழ்த்து வைத்தது. சும்மா விளையாட்டுத்தான்.

பானு அந்தக் கப்புகளையே பார்த்தாள். தீனா ஃபைபர் படகில் போகிற தூரம் அது. மாசக்கணக்கில் கரையோரம் மீன் இல்லை. நல்ல மீன் வேண்டுமென்றால் அங்கேதான் போயாக வேண்டும். படத்தில் இருப்பது வங்கக் கடலின் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். ஆனால் அங்கேயும் ஒரு தீனா படகை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அவனுக்கு அடியில் இந்தக் கப்பு.

“சார், அந்தக் கப்ப எடுங்க.”

“கோட்ட முடிம்மா, எடுக்கறேன்.”

“எடுங்கன்றேன்ல! மீன் புடிக்கிற எடத்த உட்டுட்டு மணலுக்கா நான் உடன்படிக்க போடறது?” அவள் தான் இழுத்த கோட்டின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாக அடித்தாள். பேனாவின் முனை நசுங்கியது. “இருநூறுதான். போட்டா போடுங்க, போடாட்டிப் போங்க!”

அணி தலையில் கைவைத்தது. குணாளன் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்து, “நான்தான் மொதல்லயே போடறேன்னு சொன்னேனே,” என்று கையெழுத்திட்டான். மற்ற நால்வர் பேனாவை மூடினார்கள். விசில் ஒலித்தது.

ஒன்று. ரோஜாவுக்கு ஐந்து.

ஜெபா முடிவைச் சொன்னார். நிஜ உலகத்திலும் தென்கிழக்கு ஆசியாவின் தாளில் இன்னும் ஐந்தில் ஒரு நாடு கூடக் கையெழுத்துப் போடவில்லை, சிக்கல் பெரும்பாலும் இதே கடல்தான், சீனா போடத் தயார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்றார். அந்த நாடுகளும் கோட்டைக் குறைக்கவில்லை என்றார். பானு அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, மூக்கைச் சிந்தி, மோகன்ராஜை மனசுக்குள் அவருடைய நைனா வரை இழுத்துத் திட்டினாள்.

ரோஜா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “பானு, நில்லுடி! ஜெபா மேடம் இன்னா சொன்னாங்க தெரியுமா? பாங்காக்குல மொத நாள் பேச்சே கடல் பத்திதானாம். எனக்கு இன்னாடி தெரியும்? திருவாலங்காட்டுல எங்க நெலத்துக் கெணறே எனக்கு ஆழம்.”

“அஞ்சு வாங்கினியே, நீயே பேசு.”

“நான் வாங்கினது மண்ணுக்கு. நீ அடிச்சுக் கிழிச்சியே அந்தக் கோடு, அதத்தான் அங்க கேப்பாங்க. சொல்லிக் குடுடி. உன் பேரச் சொல்லித்தான் பேசுவேன், சத்தியமா.”

பானு முறைத்தாள். பஸ் வந்தது, ஏறவில்லை. “வாயால சொன்னா உனுக்கு ஏறாது,” என்றாள் கடைசியில். “ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. நாஷ்டா சாப்ட்டு வராத.”

“ஏன்?”

“வான்றேன்ல.”

தீனாவைச் சம்மதிக்க வைத்தது பானுவின் வாழ்நாள் பேச்சுவார்த்தை. அவர்கள் குப்பத்தில் பெண்கள் ஏரியில் இறங்குவார்கள், சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள், கடலுக்குப் போவதில்லை. “ஊரு இன்னா பேசும்?” என்றான் தீனா. “ஊரு பேசட்டும், மீனு பேசாதில்ல,” என்றாள் பானு. “அவ நாள பாங்காக்குல போயி, அண்ணே, உன் கடலப் பத்திப் பேசப்போறா. பாக்காம பேசினா பன்னெண்டுல உட்டுட்டு வந்துடுவா.” தீனா அதற்கு மேல் வாதாடவில்லை. டீசல் அவள் செலவு என்று மட்டும் சொன்னான்.

முகத்துவாரத்தைத் தாண்டும்போதே ரோஜா படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அலை உடையும் இடத்தில் படகு எகிறி விழுந்ததில் பானுவும் பலகையை இறுகப் பிடித்தாள். இருபத்தாறு வருஷம் கடலின் சத்தத்தில் தூங்கியவள், இன்றைக்குத்தான் அதன் மேல் வந்திருக்கிறாள். பயத்தில் சிரித்தாள், சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கலங்கரை விளக்கம் குச்சியாகி, பிறகு அதுவும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே வட்டம்.

தீனா ஜிபிஎஸ்ஸைப் பார்த்து எஞ்சினைத் தணித்தான். “இதான் உங்க பன்னெண்டு.”

ரோஜா எட்டிப் பார்த்தாள். கோடும் இல்லை, வேலியும் இல்லை. முன்னால் இருந்த அதே தண்ணீர்தான் பின்னாலும். “மீனு?” என்று கேட்டுவிட்டு, விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தாள்.

“மீனு இன்னும் தள்ளி. இதுவரிக்கும் தொடச்சி வெச்ச பானை மாதிரிதான்,” என்றான் தீனா.

ரோஜா வாயைத் துடைத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது; கண் மட்டும் பளபளத்தது. “இங்கயே கோட்ட நிறுத்தினா, இவரு தெனம் கோட்டத் தாண்டித்தான்டி சோறு திங்கணும்!”

“சொல்லு, சொல்லு, அதத்தான்!” பானு படகு ஆட எழுந்து நின்றாள். “அப்டியே அங்க சொல்லு!”

“குந்துடி, கவுந்துடும்!” என்று தீனா கத்தினான்.

பானு உட்காரவில்லை. தீனா எஞ்சினை முடுக்கினான். படகு பன்னிரண்டைத் தாண்டி வெளியே பாய்ந்தது. ரோஜா ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் பானுவின் துப்பட்டாவையும் பிடித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே, கடலைப் பார்த்துத் தன் முதல் வாக்கியத்தைக் கத்திப் பழக ஆரம்பித்தாள்.