குசினியில் தேறிய சாமான்

கண்டி நகரின் கொழும்பு வீதியில் இருந்த ஹபீலின் கடைக்கு வருகிறவர்கள் புதுச் சாமான் ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்து, திருப்பி, தட்டிப் பார்ப்பார்கள். விலை கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்பார்கள்.

"வீட்டுல பாத்தாச்சா?"

"பாத்தாச்சு" என்று ஹபீல் சொன்னால் சாமான் விலைபோகும். "இன்னம் இல்ல" என்றால், "அப்ப அடுத்த கிழம வாறேன்" என்று சொல்லிவிட்டுப் பூட்டோ விளக்குத் திரியோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் பார்க்கிறவள் அவருடைய மனைவி ஹிதாயா.

அக்குறணையில் பிறந்த ஹிதாயா, 1921ஆம் வருஷம் கலியாணம் முடித்துக் கண்டி கட்டுக்கலைக்கு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளைக்குப் புதுச் சாமான் என்றால் போதும், சோறு வேண்டாம் என்பது வந்த முதல் மாதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கொழும்பில் கப்பல் இறக்கும் பெட்டிகளில் என்ன புதிதாக வந்தாலும் அது கண்டியில் தன் கடையில்தான் முதலில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எல்லாமே விற்கும் என்பது அவர் நம்பிக்கை. உருளைக்கிழங்குத் தோல் சீவும் யந்திரம் ஒன்று வந்தது. கிழங்கைப் போட்டுக் கைபிடியைச் சுற்றினால் தோலும் போகும், பாதிக் கிழங்கும் போகும். அது கடையின் மேல் தட்டிலேயே துருப்பிடித்தது.

பிறகு புகைக்குழாய் வைத்த இஸ்திரிக்கைப் பெட்டி வந்தது. வழக்கம்போல் கரி போட்டால், புகை மட்டும் குழாயால் மேலே போய்விடும் என்றார்கள். ஹபீல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பன்னிரண்டைக் கடையில் விற்றார். அதில் பத்து திரும்பி வந்தன. குழாயால் புகையோடு சாம்பலும் பறந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையில் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருந்தது. ஹபீல் வீட்டுக்கு வந்து தன் சட்டையைப் பார்த்தார். அதில் ஒரு புள்ளி இல்லை.

"ஒனக்கு மட்டும் எப்படி சரியா வந்த?"

"நான் அந்தப் பெட்டியால தேய்க்க இல்லியே. மொத நாளே சாம்பல் கொட்டின. பழைய பெட்டியாலதான் தேய்க்கிறேன்."

"அப்ப ஏன் எனக்கிட்ட சொல்ல இல்ல?"

"நீங்க கேக்க இல்லியே."

அன்றிலிருந்து ஹபீல் கேட்கத் தொடங்கினார்.

ஹிதாயாவின் சோதனை அவசரப்படாத சோதனை. நல்ல வெயிலில், கை ஓய்வாக இருக்கும்போது, எந்தச் சாமானும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும் என்பாள். உடுப்புக் கழுவும் நாளில் அதைத் தொட வேண்டும். மழை பிடித்து விறகெல்லாம் ஈரமான நாளில் தொட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகள் வந்து நிற்கும் நாளிலும் அது கை கொடுக்க வேண்டும். டோர்ச் லைட்டைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பிலிருந்து இரண்டு முறை கீழே போட்டாள். எரிந்தது. விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குப் போகும் ஹபீலின் கையில் கொடுத்து மழையில் அனுப்பினாள். எரிந்தது. "இது கடையில ஓடும்" என்றாள். அந்த வருஷம் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்துகூட ஆட்கள் டோர்ச் தேடிக் கடைக்கு வந்தார்கள். அடியில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினால் அந்தச் சூட்டில் சுழலும் காற்றாடி ஒன்று வந்தபோது, அவள் அதைத் தொடவே இல்லை.

"காத்துக்கு வேண்டி நெருப்புப் பத்த வைக்கிறதா? அதுவும் இந்தக் கண்டிக் குளிருல?"

ஹபீலுக்கு மனமே இல்லை. என்றாலும் காற்றாடி கொழும்புக்குத் திரும்பிப் போனது.

சாமான்களைக் கொண்டுவருகிறவர் ராஜலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் ஒரு இறக்குமதிக் கொம்பனியின் ஏஜண்ட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து இறங்குவார். 1928இல் அவர் கொண்டுவந்தது ஒரு பம்ப் அடுப்பு. பித்தளையில் பளபளவென்று, மூன்று காலில் நின்றது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்தால் நீலமாக எரியும். பம்ப் அடுப்பு கண்டிக்குப் புதிதல்ல, ஆனால் இது புதுக் கொம்பனியின் சாமான். விலையும் குறைவு. கண்டிப் பகுதிக்கு ஹபீல் மட்டுமே விற்கலாம் என்று கொம்பனி எழுதித் தரத் தயாராக இருந்தது.

ஹிதாயா நான்கு நாள் அதில் தேநீர் வைத்தாள். விறகும் இல்லை, புகையும் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. தட்டிப் பேச ஒன்றும் கிடைக்காமல், "நல்லா ஈக்கிற மாதிரித்தான் தெரியுது" என்றாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது ஹபீலுக்கு. மறுநாளே கடை முகப்பில் துணிப் பதாகை கட்டினார். ஒரு அடுப்பை, முதல் ஆளாக, கடுகண்ணாவையில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் தங்கை ரபீகாவுக்கு ரயிலில் அனுப்பியும் விட்டார்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வரும் ஆட்களுக்காக ஹிதாயா பெரிய பானையில் சோறு வைத்தாள். ஒரு மணித்தியாலம் எரிந்திருக்கும். பம்பின் கழுத்தடியில் எண்ணெய் கசிந்து பளபளத்தது. அவள் குனிவதற்குள் நீலச் சுவாலை மஞ்சளாகி முழ உயரத்துக்கு எழும்பியது. நனைந்த சாக்கைப் போட்டு அமத்தினாள். புருவத்தின் ஓரம் கருகியிருந்தது. பானையை விறகடுப்புக்கு மாற்றினாள். அவளுக்கு நினைவில் நின்றது ரபீகா. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

சனிக்கிழமை காலையில் கட்டுக்கலையிலிருந்து திரை போட்ட ரிக்‌ஷா ஒன்று கொழும்பு வீதிக்கு வந்து நின்றது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஈரச் சாக்கோடு ஹிதாயா இறங்கினாள். ஏழு வருஷத்தில் அவள் அந்தக் கடைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஹபீல் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"என்ன ஹிதாயா, வீட்டுல என்னமும்...?"

"நேத்து உங்களுக்குச் சொன்னேன். பம்ப் அடிக்கத் தெரிய இல்லன்னு சொன்னீங்க. தெரிஞ்சவங்க இஞ்ச அடிக்கட்டும், நான் பாக்கிறேன்."

கொம்பனிக் கடதாசி எழுதி முடிக்கக் கண்டியிலேயே தங்கியிருந்த ராஜலிங்கமும் அங்கேதான் இருந்தார். சங்கடத்தோடு சிரித்தார். "அக்கா, ஆயிரத்தில ஒண்டு பழுதாகிறதுதானே. உங்கட வீட்டுக்கு வந்தது அப்பிடி ஒண்டாக்கும்."

"சரி தம்பி. நீங்களே பெட்டிக்குள்ள ஈக்கிற ஒன்ன எடுங்க."

எடுத்தார். கல்லாவின் மேல் வைத்துப் பற்றவைத்தார். நீலமாக, அழகாக எரிந்தது. ஒரு பானைத் தண்ணீரை ஏற்றினார்கள். வீதியில் போனவர்கள் நின்றார்கள். கால் மணித்தியாலத்தில் தண்ணீர் கொதித்தது.

"பாத்தீங்களே அக்கா?" என்றார் ராஜலிங்கம்.

"அது தேத்தண்ணிக்கு. வெள்ளிக்கிழம சோத்துக்கு எவ்வளவு நேரம் எரியணுமோ அவ்வளவு எரியட்டும்."

தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தார்கள். நின்றவர்களில் சிலர் போனார்கள், வேறு சிலர் வந்தார்கள். பூட்டு வாங்க வந்த ஒருவர் பூட்டை மறந்துவிட்டு வாசற்படியில் குந்திவிட்டார். ஹிதாயா தூணோரமாக அசையாமல் நின்றாள். அடுப்பு அலுங்காமல் எரிந்தது. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் புருஷனைத் தலைகுனிய வைக்கத்தான் வந்தேனா என்று நினைத்தாள். ஐம்பது நிமிஷம் போனது. ராஜலிங்கம் தண்ணீர் குறைந்ததைப் பார்த்து இன்னும் நாலு முறை பம்ப் அடித்தார்.

கழுத்தடியில் எண்ணெய் மினுங்கியது. அவர் கையை இழுப்பதற்குள் சுவாலை எழும்பி, மேலே தொங்கிய பதாகையின் ஓரத்தைப் பிடித்தது. ஹிதாயா முன்னால் வந்து சாக்கை அடுப்பின்மேல் போட்டாள். ஹபீல் பதாகையைப் பிடுங்கிக் காலால் மிதித்தார்.

ராஜலிங்கம் அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, பம்பைக் கழற்றி, உள்ளே இருந்த தோல் வளையத்தை விரலால் நசுக்கிப் பார்த்தார். சூட்டில் அது பழம்போல் இளகியிருந்தது.

"இத நான் விக்க மாட்டன் முதலாளி," என்றார். "கொம்பனிக்கு நானே எழுதிறன்."

ஹபீலுக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. ரபீகாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு தொப்பியும் இல்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடினார். அடுத்த ரயிலைப் பிடித்துக் கடுகண்ணாவையில் இறங்கி, தங்கையின் வீட்டுக்குள் நுழைந்து நேராகக் குசினிக்குப் போனார். அங்கே அடுப்பு இல்லை. மண்டபத்தில், கண்ணாடி அலுமாரிக்குள், சீனக் கோப்பைகளுக்கு நடுவில் அது மின்னிக்கொண்டிருந்தது.

"நானா, இவ்வளவு வடிவான சாமான யாரு கரி புடிக்க விடுவாங்க?" என்று அண்ணனிடம் கேட்டாள் ரபீகா.

நெருப்புக் கதையைச் சொன்ன பிறகும் அவள் திருப்பித் தர மறுத்துவிட்டாள். கடைசியில் ஹபீல் பம்பை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீதியை அலுமாரியிலேயே விட்டுவிட்டு வந்தார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் ஹிதாயாவின் கருகிய புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். "கடைக்கு வந்தது நல்லம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அவள் அதை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பார்த்தவர்கள் ஊர் முழுக்கப் பேசினார்கள். "வீட்டுல பாத்தாச்சா?" என்று கேட்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆனால் ஹிதாயாவுக்கும் தவறியது. 1931இல் ராஜலிங்கம் ஆறு அலாரம் மணிக்கூடுகள் கொண்டுவந்தார். தலையில் இரண்டு மணி, நடுவில் ஒரு சின்னச் சுத்தியல். ஹிதாயா ஒன்றை இரண்டு நாள் வைத்திருந்தாள். அதன் டிக் டிக் சத்தம் தலைக்குள் ஆணி அடிப்பது போல இருந்தது. பள்ளிவாசல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பாங்கு சொன்னால் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் எழும்பும். "இது கடையில ஓடாது" என்று சொல்லி, மணிக்கூட்டைப் பழைய சாரத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் போட்டாள். மற்ற ஐந்தையும் ஹபீல் கொழும்புக்கு அனுப்பப் பெட்டி கட்டி வைத்தார்.

அந்த வாரம் ஒரு நாள் பின்னேரம் வேலாயி வந்தாள். மடுல்கெல்லைப் பக்கத் தோட்டத்துப் பெண். புருஷன் செத்த பிறகு டவுனுக்கு வந்து, நாலு வீடு தள்ளி ஆசிரியர்கள் தங்கியிருந்த விடுதியில் சமையலுக்குச் சேர்ந்திருந்தாள். இரவல் அரிவாள் கேட்டு வந்தவள் குசினி வாசலில் நின்றபோது, அரிசிப் பெட்டிக்குள் மணி அலறத் தொடங்கியது. வேலாயி இரண்டு அடி பின்னால் துள்ளினாள்.

"ஆத்தாடி! பொட்டிக்குள்ள என்னங்கம்மா?"

ஹிதாயா சிரித்துக்கொண்டே எடுத்து அமத்தினாள். எதற்கான சாமான் என்று சொன்னாள். வேலாயி சிரிக்கவில்லை. மணிக்கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நம்ம சொல்ற நேரத்துக்கு எழுப்பிவிடுமாங்க?"

"எழுப்பும். ஆனா யாருக்கு வேணும்? பாங்கு சொல்றாங்கதானே."

"எங்களுக்கு அது தெரியாதுங்களேம்மா. தோட்டத்துல விடியுறதுக்கு முன்னால தப்பு அடிப்பாங்க. அதக் கேட்டுத்தான் எந்திரிச்சு, பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போவோம். பொறந்ததுலருந்து அப்படித்தான். இங்க தப்பு இல்ல. பாங்குக்கு முந்தியே, நாலரைக்கு அடுப்பு மூட்டணும். எங்க தூங்கிப்புடுவேனோன்னு பயந்து பயந்து, மூணு மாசமா நான் ஒழுங்கா கண்ணு மூடலம்மா."

ஹிதாயா அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்து, நாலேகாலுக்கு முள்ளைத் திருப்பி, எப்படி அமத்துவது என்று காட்டி, அதை வேலாயியின் கையிலேயே வைத்துவிட்டாள்.

"ஒரு கிழம வெச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

எட்டாம் நாள் வேலாயி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நல்லாத் தூங்குறேம்மா. மொத நாளு என்ன செஞ்சேன் தெரியுங்களா? மணி அடிச்சதும் கொழுந்துக் கூடயத் தேடிட்டேன். வாசல்ல வந்து நின்னுட்டேன், கங்காணி பேரு கூப்புடுவாருன்னு." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரித்து முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. ஹிதாயா பலகையை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஹபீலிடம், "அந்த மணிக்கூடுகள அனுப்ப வாணாம்" என்றாள். "எனக்கு வாணாம்ங்கிறத்துக்காக ஊருக்கே வாணாம்னு சொன்னது என்ட பிழை."

ஹபீலுக்கு நம்ப முடியவில்லை. திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவள் சொல்ல மறுத்துவிட்டாள். ஐந்தில் இரண்டைக் கடுகண்ணாவை ரயில்காரர்கள் வாங்கினார்கள், ஒன்றைப் பேக்கரிக்காரர், மற்ற இரண்டையும் தோட்டத்திலிருந்து டவுன் வேலைக்கு வந்தவர்கள். ராஜலிங்கம் அடுத்த தடவை இரண்டு டசின் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் வேலை குறைவு. வேலாயி ஹிதாயாவின் குசினிக்கு வந்துவிடுவாள். புதுச் சாமான் எது வந்தாலும் இரண்டு பேருமாகப் பார்ப்பார்கள். ஒருமுறை மேசை விளிம்பில் பூட்டிக் கைபிடியால் சுற்றும் தேங்காய் துருவி வந்தது. ஹிதாயாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது; கீழே குந்த வேண்டியதில்லை, முழங்கால் வலி இல்லை. வேலாயி ஒரே வார்த்தையில் மறுத்தாள்.

"மேச இருக்கிறவுகளுக்குச் சரிங்கம்மா. தோட்டத்து லயத்து அறையில மேசைக்கு எங்க போறது?"

"லயத்துல ஈக்கிறவங்க மட்டுமா தேங்காய் துருவுற?"

"மேச இருக்கிறவுக மட்டுமா துருவுறாக?"

ஹபீல் வாசல் நிலையில் சாய்ந்து நின்று முடிவுக்காகக் காத்திருந்தார். ராஜலிங்கம் மூன்று மணி ரயிலுக்குப் போக வேண்டும். எத்தனை அனுப்புவது என்று சொல்லியாக வேண்டும். பகல் சாப்பாடும் இன்னும் வைத்தபாடில்லை. உள்ளே இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பாதித் தேங்காயை எடுத்துக்கொண்டு, ஒருத்தி மேசையில், ஒருத்தி தரையில் பழைய துருவுபலகையில், யார் முதலில் முடிக்கிறார்கள் பார்ப்போம் என்று தொடங்கிவிட்டார்கள். அவர் சத்தம் போடாமல் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே கடைக்குப் புறப்பட்டார்.